கூலி என்னும் சொல்: ஓர் ஒலியும் பல பிறப்பும்

உலகத்தில் மக்கள் பேசும் மொழிகள் பல ஆயிரம். ஆனால் மனிதன் வாயிலிருந்து எழக்கூடிய ஒலிகளோ மிகச் சிலவே. ஆகவே, ஒன்றோடொன்று யாதொரு சம்பந்தமுமில்லாத இரண்டு மொழிகளில் ஒரே ஒலியுடைய சொல் வெவ்வேறு பொருளில் வழங்குவது அதிசயமன்று, வழங்காமலிருந்தால்தான் அதிசயம். இவ்வுண்மையை நம்மவர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பிற மொழியில் தமிழ் ஒலி ஒன்று கேட்டவுடனே, அஃது எம்மிடமிருந்து போனதே என்று மார் தட்டுவோர் ஒரு சாரார். பிறர் ஒரு சொல்லை இகழ்ச்சியாக நம்மீது வீசினால், அது எங்கே பிறந்தது, என்ன பொருளில் பிறந்தது என்று விசாரியாமலே தலைகுனிவோர் மற்றொரு சாரார். முன்னது வீண் பெருமை. பின்னது வீண் வெட்கம். இவ்விரண்டு நோய்க்கும் மருந்து ஒன்றே. அது சொல்லின் சரித்திரத்தை அறிதல்.

இக்கட்டுரையில் நாம் ஆராயப்புகுவது 'கூலி' என்னும் சொல். இதனினும் நமது வாழ்வோடு ஒட்டிய சொல் வேறொன்றில்லை. நம் பாட்டன்மார் கப்பலேறியதும், காடு திருத்தியதும், பால்மரம் சீவியதும் இச்சொல்லின் பெயரால்தான். எனினும் இதன் பிறப்பை அறியப்புகுமுன், ஒலி ஒற்றுமை எவ்வளவு தூரம் மனிதனை ஏமாற்றும் என்பதற்கு நம் வாசலிலேயே கிடக்கும் சில உதாரணங்களைப் பார்ப்போம்.

கோல சிலாங்கூர் வட்டாரத்திலுள்ள புக்கிட் பெலிம்பிங் என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். புக்கிட் என்றால் மலாய் மொழியில் குன்று. பெலிம்பிங் என்பது ஐந்து விளிம்புள்ள ஒரு புளிப்புப் பழம். விளிம்புள்ள பழம் என்று சொல்லும்போதே, 'விளிம்பு' என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்துதான் 'பெலிம்பிங்' வந்தது என்று ஒருவர் துணிந்து கூறிவிடலாம். கேட்பதற்கும் இனிமையாயிருக்கும். ஆனால் அதற்கு ஒலியைத் தவிர வேறு சாட்சி யாதுமில்லை. பழம் இத்தீவுகளுக்குரியது, பெயரும் இத்தீவுகளுக்குரியது. விளிம்புக்கும் அதற்கும் உறவில்லை.

இதனினும் மயக்கந்தரும் உதாரணம் ஒன்றுண்டு. மலாய் மொழியில் கயிற்றுக்குத் 'தாலி' என்று பெயர். தமிழ்ப் பெண்ணின் கழுத்திலும் தாலி உண்டு. அதுவும் கயிற்றில் கோத்ததே. ஒலியும் ஒன்று, பொருளும் ஏறக்குறைய ஒன்று. இனி என்ன சாட்சி வேண்டும் என்று கேட்பார்கள். ஆனால் சற்றுத் தொலைவில் நோக்குவோம். பிலிப்பைன் தீவுகளில் தகாலோக் மொழியிலும் கட்டுங்கயிறு தாலியே. பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள பிஜித் தீவில் கயிறு 'தாலி' என்றே சிறிது திரிந்து வழங்குகிறது. தமிழன் பிஜித் தீவுக்குப் போனது நேற்று; அத்தீவின் மக்கள் தங்கள் படகுக்குக் கயிறு திரித்ததோ பல தலைமுறைக்கு முன்னே. ஆகவே இக்கயிறு தீவு மக்களின் பொதுச் சொத்து. நம் தாலி நம்முடையது. இரண்டும் தனித்தனியே பிறந்து, கடல் நடுவே தற்செயலாகச் சந்தித்துக்கொண்டவை.

தோட்டத்து மக்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு 'லயம்' என்ற பெயருண்டு. இசை வல்லார் தாளத்தின் ஒழுங்கை லயம் என்பர். குதிரை கட்டும் கொட்டகைக்கு லாயம் என்று பெயர். ஒரு கோணல் புத்திக்காரன் இம்மூன்றையும் ஒன்றாக்கி, குதிரைக் கொட்டகையில் குடியேற்றியதால்தான் இப்பெயர் வந்தது என்று கதை கட்டிவிடுவான். உண்மை என்னவெனில், வரிசை என்னும் பொருளுள்ள 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லே நம்மவர் நாவில் லயன் என்றும் லயம் என்றும் ஆயிற்று. அவ்வீடுகளின் நிலைமை சில இடங்களில் லாயத்துக்கு ஒப்பாயிருந்தது உண்மையே. ஆனால் அது வீட்டைக் கட்டியவரின் குற்றமேயன்றி, சொல்லின் குற்றமன்று.

இதனால் மலாய் மொழிக்குத் தமிழ் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று யாரும் எண்ணவேண்டாம். கப்பலைக் காப்பால் என்றும், கடையைக் கெடாய் என்றும், கட்டிலைக் காத்தில் என்றும், வியாபாரத்துக்குரிய முதலை மோடால் என்றும் மலாய் மக்கள் வழங்குவது நம் வணிகர் சென்ற வழியைக் காட்டுகிறது. அவ்வாறே நாமும் அவர்களிடம் வாங்கியிருக்கிறோம். ரப்பர் மரத்தைக் கித்தா மரம் என்கிறோமே, அந்தக் கித்தா மரப்பாலைக் குறிக்கும் 'கெத்தா' என்ற மலாய்ச் சொல்லே. கொடுக்கல் வாங்கல் இருந்ததற்கு வழி தெரியவேண்டும், காலம் தெரியவேண்டும், சொல் சென்ற பண்டமோ தொழிலோ தெரியவேண்டும். அவை தெரிந்தால் உறவு. தெரியாவிட்டால் வெறும் ஒலி. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு கூலியிடம் வருவோம்.

தமிழில் கூலி என்பது ஆளின் பெயரன்று, பொருளின் பெயர். உழைப்புக்கு ஈடாகப் பெறுவது கூலி. வண்டிக்கூலி, சுமைகூலி, அறுப்புக்கூலி, தையற்கூலி என்று பேசுகிறோம். தட்டானிடம் நகை செய்யக் கொடுத்தால் செய்கூலி கேட்கிறான்; கேட்பதில் அவனுக்கும் இழிவில்லை, கொடுப்பதில் நமக்கும் இழிவில்லை. கூலி பெற்று உழைப்பவனைக் கூலியாள் என்றும் கூலிக்காரன் என்றும் தமிழ் வேறு பிரித்து வழங்கியது. தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இச்சொல் உழைப்பின் ஊதியம் என்னும் பொருளிலேயே வழங்குவதால், இது தென்னாட்டு மொழிக் குடும்பத்தின் பழஞ்சொத்து என்பது தெளிவு.

இச்சொல்லின் மதிப்பு எத்தகையது என்பதற்குத் திருக்குறளே சான்று. ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், தெய்வ சகாயத்தினும் மனித முயற்சியே நம்பத் தக்கது என்று நிலைநாட்டுமிடத்தில், உடல் வருந்திய உழைப்பின் பயனை வள்ளுவர் கூலி என்றே குறிக்கிறார். வேறு சொல் அவருக்குக் கிடைக்காமல் அல்ல. அதுவே தகுந்த சொல் என்று கண்டார். புராணக்காரர்கள்கூட இதில் பின்வாங்கவில்லை. மதுரையில் வந்தி என்னும் கிழவிக்காகச் சிவன் பிட்டைக் கூலியாகப் பெற்று, வைகைக் கரையில் மண் சுமந்து பிரம்படி பட்டான் என்று திருவிளையாடற் கதை பேசுகிறது. அக்கதையை நம்புவோர் நம்புக, நம்பாதோர் விடுக. கடவுளையே கூலியாளாக்கக் கூசாத மக்கள், கூலி என்னும் சொல்லை வசையாகக் கருதியிருக்க முடியாது என்பதுமட்டும் நமக்குப் போதும்.

இனி அதே ஒலியுடைய பிற சொற்களைக் காண்போம்.

மேற்குக் கடலோரத்தில், கூர்ஜர தேசத்திலும் மராட்டிய நாட்டிலும், 'கோலி' என்னும் பெயருடைய ஒரு பெருஞ்சமூகம் உண்டு. மீன் பிடித்தலும் பயிர்த்தொழிலும் அவர்களுள் பலருக்குத் தொழில். போர்த்துகேசியர் 16ம் நூற்றாண்டில் அக்கடற்கரைக்கு வந்தபோது இம்மக்களைக் கண்டனர். பின்னர் ஆங்கிலேயரும் சூரத்து வழியே வந்து கண்டனர். அவர்கள் எழுதிவைத்த குறிப்புகளில் இச்சமூகத்தின் பெயர் கூலி என்றும் கோலி என்றும் பலவாறாக வருகிறது. இது ஒரு சமூகத்தின் பெயர். ஊதியத்தோடு இதற்குச் சம்பந்தமில்லை.

வடக்கே துருக்கி மொழியில் 'குல்' என்றால் அடிமை. பாரசீகம் வழியே இந்தியாவுக்கு வந்த இச்சொல் 'குலி' என்று பெயர்களின் இறுதியிலும் நடுவிலும் நின்றது. அலி குலி என்றால் அலியின் அடியான். 1591ல் ஐதராபாத் நகரத்தை நிறுவிய கோல்கொண்டா சுல்தானின் பெயர் முகம்மது குலி குதுப் ஷா. அவர் பெயரிலுள்ள குலியைக் கண்டு, அவர் தோட்டத்தில் வேலை செய்தவர் என்று யாராவது சொல்வார்களா? நம்மவர் அடியார் என்றும் தாசன் என்றும் பெயர் வைத்துக்கொள்வது எவ்வாறோ, அதுவும் அவ்வாறே.

சீன மொழியிலோ 'கு' என்றால் கசப்பு அல்லது துன்பம். 'லி' என்றால் வலிமை. இவ்விரண்டு எழுத்தையும் சேர்த்துக் 'குலி' என்று எழுதினால், துன்பத்தோடு செலுத்தும் உடல்வலிமை என்று பொருள்படும். இதைக் கண்டு, கூலி என்பது சீனச் சொல்லே என்று கூறுவோர் இன்றுமுளர். உண்மை நேர்மாறானது. ஐரோப்பியர் வாயிலிருந்து வந்த அயற்சொல்லைச் சீனர் தம் எழுத்தில் எழுத நேர்ந்தபோது, ஒலிக்கும் பொருந்தி, தம் மக்கள் பட்ட பாட்டுக்கும் பொருந்திய இரண்டு எழுத்தைத் தேர்ந்துகொண்டனர். சொல் இரவல், அதிலேற்றிய வேதனை மட்டும் அவர்களுடைய சொந்தம்.

மலாய் மொழியில் தொழிலாளியைக் குறிக்கும் 'கூலி' இரவல் சொல்லே. ஆனால் தோலைக் குறிக்கும் 'கூலித்' என்பது அத்தீவுகளின் சொந்தச் சொல். இதற்கும் அதற்கும் உறவில்லை. சர்வகலாசாலையில் மாணவர் கேட்கும் விரிவுரைக்கு மலாயில் 'கூலியா' என்று பெயர். இஃது அரபியிலிருந்து வந்தது, கல்லூரியைக் குறித்த சொல்லினின்றும் பிறந்தது. பாட்டன் கூலி பெற்ற அதே மண்ணில் பேத்தி கூலியா கேட்கப் போகிறாள். ஒலியில் இரண்டும் அண்டை வீடு; பிறப்பிலோ ஒன்று தென்னிந்தியா, மற்றொன்று அரேபியா.

இவ்வளவு பிறப்புகளையும் ஒன்றாகக் குழப்பியது யார்? கடல் கடந்து வந்த ஐரோப்பிய வியாபாரிகளே. அவர்களுக்கு மேற்கே கோலி என்னும் மக்களின் பெயர் கேட்டது. வடக்கே அடிமையைக் குறிக்கும் குலி கேட்டது. 1639ல் சென்னையில் இடம் பெற்றபின், கரையில் மூட்டை சுமந்தோர் கேட்ட கூலியும் கேட்டது. மூன்றும் அவர்கள் காதில் ஒன்றாயின. தமிழில் கூலியாள் என்றிருந்ததில் 'ஆள்' உதிர்ந்துபோய்க் கூலி மட்டும் நின்றது. 1886ல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, கோலி மக்களின் பெயரையும் தமிழ்க் கூலியையும் எடுத்துக்காட்டி இச்சொல்லை ஆராய்ந்திருக்கிறது. அதைத் தொகுத்த இருவருள் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்தவர். தென்னாட்டு மொழிகளை அறிந்தவர். இன்றுவரை அறிஞரிடையே இதில் அபிப்பிராய பேதம் உண்டு. பிறப்பு ஒன்றன்று, பல ஊற்றுகள் ஓர் ஆற்றில் கலந்தன என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

'ஆள்' உதிர்ந்தது சிறு காரியமென்று எண்ணற்க. ஊதியத்தின் பெயர் மனிதனின் பெயராயிற்று. மனிதன் மறைந்து அவன் விலை மட்டும் நின்றது. 1834ல் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமைத்தனம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டில் மொரீசுத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்த ஆட்கள் போகத் தொடங்கினர். 1860 நவம்பர் 16ந் தேதி 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து நம் மக்களைக் கொண்டுபோய் நேட்டாலில் இறக்கிற்று. 1879ல் பிஜிக்கும் கப்பல் போயிற்று. டச்சுக்காரர் சுமத்திராவின் கீழ்க்கரைத் தோட்டங்களுக்காக 1880ல் இயற்றிய சட்டத்துக்குக் 'கூலிச் சட்டம்' என்றே பெயர். ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு ஓடிய தொழிலாளியைச் சிறையிலிட அது இடங்கொடுத்தது. அச்சட்டத்துக்கு உட்பட்டோரில் பெரும்பாலோர் சீனரும் ஜாவாக்காரருமே. தமிழறியாத மக்கள்மீதும் தமிழ்ச் சொல் ஒன்று விலங்காக மாட்டப்பட்டது.

பின்னர் அது தொழிலின் பெயராகவும் நிற்கவில்லை. ஜாதியின் பெயரைப்போல் ஆயிற்று. 1893ல் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்ற காந்தியாரை அங்குள்ள வெள்ளையர் 'கூலி பாரிஸ்டர்' என்று அழைத்ததாக அவரே தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். வாதிட்டுப் பணம் பெறும் வழக்கறிஞனுக்கும் கூலி; வட்டிக்குக் கொடுக்கும் வணிகனுக்கும் கூலி. இந்தியன் என்றால் கூலி என்று ஆயிற்று. அங்கே நம்மவரைச் 'சாமி' என்றும் இகழ்ச்சியாக அழைத்தனர். குப்புசாமி, முனுசாமி என்னும் பெயர்களின் வாலை அறுத்து எடுத்தது அது. சாமி என்றால் எசமானன் என்று பொருள் என்பதை உணராமலே, வெள்ளையன் தான் இகழ்ந்தவனை எசமானனே என்று கூவிக்கொண்டிருந்தான். சொல்லின் பொருளை அறியாதவன் சொல்லும் வசை இவ்வாறுதான் முடியும்.

நம் நாட்டிலும் நடந்தது இதுவே. 1910ல் மலாயாவுக்கு ஒப்பந்த முறையில் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. கங்காணி தம் ஊருக்குச் சென்று ஆள் திரட்டும் முறை ஓங்கியது. 1938ல் இந்திய அரசாங்கம் உதவிபெற்றுக் குடியேறுவதையே தடுத்தது. முறை மாறினும் பெயர் மாறவில்லை. பிரட்டுக் களத்தில் விடியுமுன் வரிசையில் நின்ற மனிதனுக்கு ஏட்டில் ஒரு நம்பரும், வாயில் கூலி என்னும் பெயருமே மிச்சம்.

கோல சிலாங்கூர் மண்ணில் வேறொரு வேடிக்கையும் உண்டு. மலாயாவில் வியாபார முறையில் முதன்முதல் செம்பனை நட்ட தோட்டம், 1917ல், இவ்வட்டாரத்திலேயே அமைந்தது. நட்டவர் ஹென்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். நம் தென்னை மரமே. உலகச் சந்தையில் பேசப்படும் செம்பனைத் தொழிலின் முதல் வாசலில் தமிழ்ப் பெயர் நிற்கிறது. மரத்துக்கு வழங்கிய தமிழ்ச் சொல் மரியாதை பெற்றது. மனிதனுக்கு வழங்கிய தமிழ்ச் சொல் இழிவுபட்டது. இரண்டும் ஒரே மொழியிலிருந்து எடுத்தவையே. ஆகவே குற்றம் மொழியினிடத்தில் இல்லை. வழங்குவோர் மனத்தினிடத்தில் இருக்கிறது.

1941ம் ஆண்டு சிலாங்கூர்த் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நம் மக்கள் மறக்கலாகாது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னின்ற அக்கிளர்ச்சியில், சீனத் தொழிலாளருக்குச் சமமான சம்பளம், பிள்ளைகளுக்குக் கல்வி, வைத்திய வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகிய கோரிக்கைகளோடு, இன்னுமொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ உத்தியோகஸ்தரோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பது அது. இதனால் ஒரு காசும் அதிகம் கிடையாது, ஆயினும் கேட்டனர். கூலி வேண்டும், ஆனால் நாங்கள் கூலி அல்ல என்பதே அதன் கருத்து. ஊதியத்துக்கும் மனிதனுக்குமுள்ள வேறுபாட்டை, தமிழ் தன் சொல்லிலேயே வைத்திருந்த அவ்வேறுபாட்டை, எழுத்தறியாத மக்கள் தம் உயிரைப் பணயம் வைத்து மீட்கப் பார்த்தனர். நாதன் கைதுசெய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார்; துப்பாக்கிப் பிரயோகத்தில் தொழிலாளர் சிலர் மாண்டனர். ஆயினும் அக்கோரிக்கை மாளவில்லை.

நிற்க, வெள்ளையனை மட்டும் குறைகூறி முடித்துவிடுவது நேர்மையாகாது. கூலியாளைத் தாழ்ந்தவன் என்று கருதுவதற்கு நம்மவர் வெள்ளையனிடம் பாடம் கேட்கவில்லை. ஊரிலே சேரியை ஒதுக்கிவைத்த மனம், கப்பலிலும் நம்மோடு ஏறி வந்தது. கிராணியும் கடைக்காரரும் பட்டணத்துப் படிப்பாளியும் தோட்டத்து மக்களைப் பற்றிப் பேசும்போது, தமிழராயிருந்தும் ஆங்கிலப் பொருளிலேயே கூலி என்று பேசினர். 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்தபோது சுயமரியாதையைப் பற்றிப் பேச நேர்ந்தது காரணமில்லாமல் அன்று. அயலான் இழிவுபடுத்திய சொல்லை அயலானிடமிருந்து மீட்பது எளிது. நம் வீட்டுத் திண்ணையிலிருந்து மீட்பதே அரிது.

இந்திய ரயில் நிலையங்களில் சுமை தூக்குவோரைக் கூலி என்று அழைக்கும் வழக்கத்தை மாற்றி, உதவுவோர் என்னும் பொருளில் 'சகாயக்' என்று அழைக்கவேண்டுமென 2016ல் ரயில்வே வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தனர். நல்லதே. ஆனால் பெயரை மாற்றி மனத்தை மாற்றாவிட்டால், நாளை அப்புதுப் பெயரும் அதே சேற்றில் விழும். இதற்கும் சான்று நம்மிடமே உண்டு. கலிங்கம் ஒரு பெரு நாட்டின் பெயர். அதிலிருந்து பிறந்த 'கெலிங்' என்னும் சொல் ஒரு காலத்தில் கடல் கடந்து வந்த வணிகரைக் குறித்தது; பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அப்பெயரோடு நிற்கிறது. பிற்காலத்தில் அதே சொல் தெருவில் எறியும் வசையாயிற்று. நாட்டின் பெயரையே வசையாக்க மனிதனுக்குத் தெரியும்.

இன்று தோட்டங்களின் நிலை மாறிவிட்டது. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடுகள் எழுந்துவிட்டன. நம் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போயினர். அவர்கள் விட்டு வந்த வேலையை இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள் செய்கின்றனர். அவர்களும் ஏசெண்டுக்குக் கடன்பட்டுக் கடல் கடந்தவர்களே. ஒண்டுக்குடித்தனமாக ஓர் அறையில் பலர் படுத்து, ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களே. அவர்களை நம்மவர் சிலர் 'பங்களா' என்று எவ்வளவு அலட்சியமாக அழைக்கின்றனர்! வங்காளம் என்பது ஒரு நாட்டின் பெயர், ஒரு மொழியின் பெயர். கலிங்கத்தைக் கெலிங் ஆக்கியபோது நம் நெஞ்சு எரிந்ததே, வங்காளத்தை வசையாக்கும்போது அந்நெஞ்சு எங்கே போயிற்று?

ஆகவே தோழர்களே, கூலி என்னும் சொல்லைக் கேட்டு இனி நாணவேண்டாம். அது வள்ளுவர் உழைப்பின் தலைமேல் வைத்த சொல். அச்சொல்லைக் குறுக்கி மனிதன்மேல் எறிந்தவர்களே நாணவேண்டும். அதுபோலவே, ஒலி ஒத்ததெல்லாம் நமதே என்று வீண் உரிமை கொண்டாடவும் வேண்டாம். சீனனுக்குச் சீனன் துயரம், கோலிக்குக் கோலியின் சரித்திரம், நமக்கு நம்முடையது. உழைத்தவனுக்குக் கூலியைக் குறையாமல் கொடுப்போம். அவனை அவன் பெயரால் அழைப்போம். புதிதாக வந்திருக்கும் தொழிலாளி ஒருவனிடம் உன் பெயர் என்ன என்று கேட்பதற்கு நமக்குச் செலவு ஒன்றுமில்லை. நம் பாட்டனை அவ்வாறு ஒருவரும் கேட்கவில்லை.